இடது கன்னம்

"பேசாதீங்கப்பா, வெட்டிடும்" என்று சொல்லிக்கொண்டே மகள் அப்பாவின் வலது கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து ரேசரை இறக்கினாள். பேசாதே என்றால் பேசாமல் இருக்கிற ஆளா அவர்? ஆயுள் முழுக்க எழுதியும் பேசியும் பிழைத்தவர். ரேசர் கன்னத்தை விட்டு எழும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அவரைப் பேட்டி காணப் பத்திரிகையிலிருந்து நிருபர் அம்மா வருவதாக இருந்தது. போட்டோவும் எடுப்பார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவர் கை நடுங்கியதால் சவரம் மகள் பொறுப்பு. அலுவலகத்தில் தாமதமாக வர அனுமதி கேட்டுவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி உட்காரவைத்திருந்தாள்.

"யாரைப் படிச்சு எழுத வந்தீங்கன்னு கேப்பாங்க" என்றார். "உடனே பெரிய பெரிய பேரா நாலு சொல்லணும். நானும் சொல்லியிருக்கேன். அதுல பாதிப் பேரை அப்புறந்தான் படிச்சேன்."

"இன்னிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"மளிகைக் கடைப் பொட்டலம். எங்க வீட்ல புத்தகம் ஏது? சர்க்கரை கட்டி வந்த காகிதத்தை எங்கம்மா நீவி எடுத்து வெப்பாங்க. அதுல பாதிக் கதைதான் இருக்கும். மீதியை நானே யோசிச்சுக்குவேன்."

"அதான் உங்க கதை எதுக்கும் முடிவே இருக்காது."

அவர் சிரித்தார். நுரை வாய்க்குள் போய்விட்டது. துண்டின் நுனியால் துடைத்துவிடும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"அப்புறம் அந்த ஆத்தோர வீடுங்களைப் பத்தி..."

அவள் கை நின்றது. "அது வேண்டாம்னு நேத்தே பேசியாச்சுப்பா."

அந்த வீடுகளை இடித்தது நகராட்சி. அவள் குமாஸ்தாவாக இருப்பதும் அதே நகராட்சியில். முன்பு ஒரு மேடையில் அப்பா அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்த மறுவாரமே அவளை ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்துக்குத் தூக்கியடித்தார்கள். போகவும் வரவும் பஸ் மாறி மாறி, யார் யாரையோ பிடித்து, போன மாதம்தான் திரும்பி வந்திருந்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

"இலக்கியம் பேசுங்க. அது போதும்."

"வீடு இல்லாம நிக்கிறவனை விட்டுட்டு என்ன இலக்கியம்? ஆறு சுத்தமாகணும்னு இடிச்சோம்னாங்க. இடிச்ச எடத்துல இப்ப ஓட்டல் நிக்குது. ஓட்டல் சாக்கடையும் அதே ஆத்துலதான் விழுது. இதைச் சொல்லாம நான் எதைச் சொல்லி என்ன?"

"கொஞ்ச நேரம் வாயை மூடுறீங்களா? உங்களுக்கென்ன, சொல்லிட்டு உக்காந்துக்குவீங்க. அலையறது நான்தானே?"

அவர் வாயை மூடிக்கொண்டார்.

மீதியிருந்த வலப்பக்கத்தையும் மோவாயையும் அவள் அமைதியாக முடித்தாள். தாடைக்குக் கீழே எப்போதும் தகராறு செய்கிற இடம்கூட இன்று சுலபமாக வந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். கோபம் வந்தால் அப்படித்தான். அவளுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. ரேசரைக் குவளைத் தண்ணீரில் அலசினாள்.

"இந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பவில்லை.

"சரி, கோவிச்சுக்காதீங்க" என்று தானே தலையைத் திருப்பினாள். கையை எடுத்ததும் தலை மார்பின் மேல் சாய்ந்தது.

மகள் கத்தியது கேட்டு மாடி வீட்டு நர்ஸ் இறங்கி வந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு மகளின் தோளைத் தொட்டு, "கஷ்டப்படாமப் போயிட்டாருக்கா" என்றாள். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மகளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடத்தில் எதையும் கேட்காத மனுஷன், போயும் போயும் இந்த ஒரு பேச்சையா கேட்க வேண்டும்?

நிருபர் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். தோளில் தொங்கிய கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்ய மாடிக்குப் போனாள். நிருபர் தயங்கிக் கேட்டார்.

"கடைசியா என்ன பேசிக்கிட்டிருந்தாரும்மா?"

மகள் பொட்டலக் காகிதத்தைப் பற்றிச் சொன்னாள். நிருபர் எழுதிக்கொண்டார். "இது போதும்மா, நல்லாயிருக்கு" என்று பேனாவை மூடினார்.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வலப்பக்கம் பளிச்சென்று இருந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னும் இருக்கு. எழுதிக்குங்க" என்றாள்.

ஆறு, வீடுகள், ஓட்டல், சாக்கடை எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். "அதுக்கு நான் வாயை மூடச் சொன்னேன். வேணும்னா அதையும் போட்டுக்குங்க."

"நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"நீரேற்று நிலையத்துக்குப் பஸ் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்று மகள் எழுந்தாள்.

குவளைத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அதைக் கொட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். கொதித்ததும் குவளையில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விளாவி, சூடு அதிகமோ என்று விரலை விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விளாவினாள். பிறகு கட்டிலருகே வந்து உட்கார்ந்து, காய்ந்த நுரையைத் துடைத்துவிட்டு, இடது கன்னத்தில் பிரஷை வைத்தாள்.