வேம்பி எந்தப் பக்கம்

செஞ்சியில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷம் அது, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. திருவண்ணாமலை ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மணிமொழி டேலி கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பது பேருக்குத்தான். பன்னிரண்டு மணிக்குப் போகிற கரண்ட் நாலு மணிக்குத்தான் திரும்பும். யூபிஎஸ் பத்து நிமிஷம் கீச்கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிடும். படிக்க வந்த பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட, வேலை பார்க்கிற நாலு பேர் மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஹார்டுவேர் எடுக்கிற ராமகிருஷ்ணன், போட்டோஷாப் எடுக்கிற பாண்டுரங்கன், முன்மேசையில் அட்மிஷன் பார்க்கிற ஷோபனா, அப்புறம் மணிமொழி. ராமகிருஷ்ணன் மற்றவர்களைவிட மூன்று வயசு மூத்தவன். பெங்களூரில் ஆறு மாசம் வேலை தேடிவிட்டுத் திரும்பி வந்தவன். அங்கே ரூமில் கூட இருந்தவர்கள் விளையாடிய ஒரு விளையாட்டை அவன் கற்றுக்கொண்டு வந்திருந்தான். அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போய், "நான் இதைச் செய்றேன்" என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அந்த மாதிரி இருபது பக்கம் உள்ள பகடை செஞ்சியில் எங்கே கிடைக்கும்? ஒன்றிலிருந்து இருபது வரை துண்டுச்சீட்டில் எழுதிக் காலி சிடி டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள்.

முதல் கதையில் எல்லாரும் வீரர்கள். அரக்கனைக் கொன்றார்கள், புதையலை எடுத்தார்கள். அடுத்த கதையிலும் அதே. இரண்டு மாசத்தில் பாண்டுரங்கனுக்கு அலுத்துப்போய்விட்டது.

"எப்பப் பாரு நல்லவனாவே இருக்கிறது போரடிக்குது சார். இந்தத் தடவ நாம கெட்ட கோஷ்டியா இருக்கலாம்."

ராமகிருஷ்ணனுக்கும் அது பிடித்துப்போயிற்று. வச்சிரசேனன் என்று ஒரு கொடுங்கோலனை உண்டாக்கினான். மலைமேல் கோட்டை, சுற்றி இருக்கிற ஊர்களிலிருந்து தானியத்தைப் பிடுங்குவான், ஆட்களைக் கல் உடைக்க இழுத்துப்போவான். இவர்கள் மூவரும் அவனிடம் வேலை செய்கிறவர்கள். பாண்டுரங்கன் சாட்டையோடு வரி வாங்கப் போகிற கொடும்பன். ஷோபனா விஷம் காய்ச்சுகிற கார்குழலி. மணிமொழி கோட்டை வாசல் காவல் தலைவி, பெயர் வேம்பி.

ஒவ்வொருவரும் ஒரு தாளில் தங்கள் பாத்திரத்தைப் பற்றி எழுத வேண்டும். மணிமொழியின் தாளை வாங்கிப் படித்த ராமகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான். குணம் என்ற இடத்தில் 'நல்லவள்' என்று எழுதியிருந்தாள்.

"இது கெட்டவங்க கதை மணிமொழி. நல்லவ இங்க இன்னா பண்ணுவா?"

"வேலை செய்வா."

"வேலைன்னா?"

"வாசலப் பாத்துக்குவா சார். அவளுக்கும் வேலை வேணும் இல்ல?"

வேம்பி ஒருபோதும் உத்தரவை மீறவில்லை. அதுதான் மற்றவர்களுக்கு வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருந்தது. ஓர் ஊரைக் கொளுத்திவிட்டு வா என்று வச்சிரசேனன் சொன்னால் போவாள். ஆனால் படைக்கு முன்னால் பறை அடிக்கிறவர்களை நடக்கவிட்டு, ஒரு காதத்துக்குக் கேட்கிற மாதிரி அடிக்கச் சொல்வாள். போய்ச் சேரும்போது ஊரில் ஈ காக்கை இருக்காது. நாலு வைக்கோல்போரைக் கொளுத்திவிட்டுத் திரும்புவாள். கைதிகளுக்கு ஒருவேளைக் கஞ்சி என்றால் ஒருவேளைதான் கொடுப்பாள், பானையை மட்டும் பெரிதாக வைப்பாள்.

"வேம்பி கூட வந்தா ஒரு காரியம் வெளங்காது," என்று பாண்டுரங்கன் தலையில் அடித்துக்கொள்வான். "கொடும்பன் மானமே போவுது."

"உன் சாட்டைக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன் கொடும்பா. வழுக்கும், பாத்து புடி," என்பாள் மணிமொழி. ஷோபனா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். கீழே உரக்கடையில் இருந்து, மேலே என்ன சத்தம் என்று ஆள் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரும் ஒருநாள் அரைமணி நேரம் நின்று கதை கேட்டார். பன்னிரண்டு அடிப்பதற்கு முன்னாலேயே இன்னும் கரண்ட் போகவில்லையே என்று நாலு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தன் ஊரான வல்லத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே வேம்பி இன்றைக்கு என்ன செய்வாள் என்று மணிமொழிக்கு யோசனை ஓடும். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, ரோடுகள் பிரிகிற கூட்ரோட்டில் இறங்கி நடந்து வந்த நாளும் உண்டு.

தீபாவளி கழிந்த வாரம் அந்தக் கதை கடைசிக் கட்டத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்ட ஊர்களெல்லாம் சேர்ந்து படை திரட்டிக் கோட்டையைச் சூழ்ந்துகொண்டன. படைத்தலைவனின் குரலில் ராமகிருஷ்ணன் பேசினான். அவன் முகத்தில் அப்படி ஓர் ஒளி.

"வேம்பி, நீ நல்லவள் என்று எங்களுக்குத் தெரியும். கதவைத் திற."

இந்த இடத்துக்காகத்தான் அவன் நாலு மாசமாகக் கதையை நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. பாண்டுரங்கன்கூடக் கிண்டலை விட்டுவிட்டு மணிமொழியைப் பார்த்தான்.

மணிமொழி கேட்டாள்: "உள்ள சமையல்காரங்க இருக்காங்க. குதிரைக்காரங்க இருக்காங்க. என் கீழ நாப்பது காவல்காரங்க. கதவத் தெறந்தா அவங்கள இன்னா பண்ணுவீங்க?"

ராமகிருஷ்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. "அவன் சோத்தைத் தின்னவங்க எல்லாம் அவன் ஆளுங்கதான்," என்றான். படைத்தலைவனின் குரல் போய் அவன் குரலே வந்துவிட்டது.

"அப்ப தெறக்க மாட்டேன்."

"வெளிய நிக்கிறவங்க கஷ்டப்பட்டவங்க மணிமொழி."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் அந்தப் பக்கம் நிக்கிறன்னா நீ இன்னா நல்லவ? உங்க நைனா மாதிரிதான் நீயும்."

மணிமொழியின் அப்பா தனசேகரன் ஒரு கல்குவாரி முதலாளிக்கு ஜீப் ஓட்டினார். ராமகிருஷ்ணன் வீடு அந்தக் குவாரிக்குப் பக்கத்து ஊரில் இருந்தது. வெடியில் அவர்கள் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது, கிணறு வற்றியிருந்தது. ஊர்க்காரர்கள் மனு கொடுத்தபோது மிரட்ட வந்த ஆட்களை இறக்கிவிட்ட ஜீப்பும் அதுதான். நாலு பேருக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் ஒருநாளும் அந்த மேசையில் அந்தப் பேச்சு வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. மின்விசிறிகள் சுற்ற, மேசைமேல் கிடந்த சீட்டுகள் பறந்தன. ஷோபனா குனிந்து பொறுக்கினாள். மணிமொழி தன் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு மணி பேட்ச் எடுக்கப் போனாள். அடுத்த மாசம் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். ராமகிருஷ்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது. கல்யாணமும் அங்கேயே ஆயிற்று. செஞ்சிக்கு வருவதெல்லாம் பொங்கலுக்கும் ஆடி மாசத்துக்கும்தான். ஆனால் செங்கல்பட்டில் மழை நாளில் கரண்ட் போய் வீடு இருட்டானால் எல்லாரும் மெழுகுவத்தி தேடுவார்கள். மணிமொழிக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு வரும், ஏதோ ஆரம்பிக்கப்போகிற மாதிரி.

இந்த வருஷம் நைனாவுக்கு அறுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க அவள் நேராகப் பாண்டுரங்கனின் கடைக்குத்தான் போனாள். கூட்ரோட்டில் பிளக்ஸ், பத்திரிகை, ஐடி கார்டு எல்லாம் போடுகிற கடை வைத்திருந்தான். வயிறு போட்டிருந்தது, பேச்சு மாறவில்லை. கம்ப்யூட்டரில் நைனா பெயரையும் அம்மா காத்தாயி பெயரையும் அடித்து, எழுத்தைப் பெரிசாக்கிச் சிறிசாக்கி ஒரு மணி நேரம் இழுத்தான். எதற்கு இழுக்கிறான் என்று ராமகிருஷ்ணன் உள்ளே வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நான்தான் போன் பண்ணேன்," என்றான் பாண்டுரங்கன். "திட்டறதுன்னா என்னத் திட்டு."

ராமகிருஷ்ணன் திண்டிவனத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியாராக இருந்தான். முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"சாப்டியா மணிமொழி?"

"ஆச்சு சார். உக்காருங்க."

டீ வந்தது. ராமகிருஷ்ணன் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கி வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட பெருமையா சொன்னேன். குவாரி டிரைவர் பொண்ண நறுக்குன்னு கேட்டுட்டேன்னு. அம்மா மல்லாட்டை காய வெச்சிகினு இருந்தாங்க. யாரு, வெடி வைக்கிறதுக்கு முன்னாடி தெருத்தெருவா ஹாரன் அடிச்சிகினு போவாரே, அவரு பொண்ணயா கேட்டன்னாங்க. அந்தச் சத்தம் கேட்டுதான் அவங்க மாட்ட அவுத்துகினு ஏரிப்பக்கம் போவாங்களாம். முதலாளி சொல்லி அடிக்கிறாருன்னு நான் நெனச்சிருந்தேன். இல்லியாம். டீசல வீணாக்குறேன்னு முதலாளி திட்டுவாராம்."

"தெரியும் சார்," என்றாள் மணிமொழி.

"பதிமூணு வருஷமா எனக்கும் தெரியும். உன் நம்பரும் இருந்துச்சு. போன் பண்ணி இன்னான்னு பேசறது? நான் பேசினது தப்பு மணிமொழி."

மணிமொழி டீயை ஒரு வாய் குடித்தாள். இத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். வந்த பிறகு அதை அப்படியே வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"ப்ளஸ் டூ ரிசல்ட் பாக்க நைனாகூட ஜீப்புல போனேன் சார். முதலாளியும் முன்னாடி இருந்தாரு. உங்க ஊரு பெரியவரு ஒருத்தரு வழிய மறிச்சி மனுவ நீட்டினாரு. முதலாளி எறங்கி அவர அறைஞ்சிட்டாரு. நைனா ஸ்டியரிங்கப் புடிச்சிகினு நேரா பாத்துகினே இருந்தாரு. எறங்கல." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஹாரன் அடிச்சாரு, நெசந்தான். ஆனா அன்னைக்கி எறங்கலியே. நீங்க கேட்டது முழுசா தப்புன்னு என்னால சொல்ல முடியல."

"அதுக்குத்தான் வேம்பிய எழுதினியா?"

"அப்ப தெரியாது சார். எழுதும்போது விளையாட்டாதான் எழுதினேன்."

பாண்டுரங்கன் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பினான். "அந்தக் கதை இன்னா ஆச்சு சார்? கோட்ட விழுந்துச்சா?"

"நான் முடிக்கவே இல்லடா."

"இப்ப முடிங்க."

அவன் சும்மா சொல்லவில்லை. விசிட்டிங் கார்டு வெட்டிய ஓரத்துண்டுகளை எடுத்து எண்களை எழுத ஆரம்பித்துவிட்டான். ஓசூரில் இருக்கிற ஷோபனாவுக்கு வீடியோ கால் போட்டான். அவள் அடுப்படியில் நின்றபடி, "கார்குழலி உயிரோடதான இருக்கா?" என்று கேட்டாள். கடையில் வேலை செய்கிறவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ராமகிருஷ்ணன் தொண்டையைச் செருமினான். குரல் பழையபடி வர இரண்டு மூன்று வாக்கியம் பிடித்தது. படை வெளியே நிற்கிறது. தலைவன் மறுபடியும் வாசலுக்கு வருகிறான்.

"வேம்பி, நீ அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. உள்ளே இருக்கிறவர்களை ஒன்றும் செய்ய மாட்டோம்."

"பெருங்கதவத் தெறக்கல," என்றாள் மணிமொழி. "பக்கத்துல திட்டிவாசல் இருக்குது, ஆள் குனிஞ்சி போற சின்னக் கதவு. அதத் தெறக்கறேன். மொதல்ல சமையல்காரங்க. அப்புறம் குதிரைக்காரங்க, கைதிங்க, கடைசியா என் காவல்காரங்க. எல்லாம் வெளிய போனதும் சாவிய உங்க கையில குடுக்கறேன். வச்சிரசேனனுக்குத் தெரியாம."

"சீட்டுல பன்னெண்டுக்கு மேல வரணும்."

அவள் சீட்டு எடுத்தாள். ஏழு.

"மாட்டிக்கிட்ட," என்றான் ராமகிருஷ்ணன். அவனுக்கே வருத்தமாக இருந்தது. "பாதிப் பேர்தான் வெளிய போயிருக்காங்க. அரசனோட மெய்க்காவலன் ஒருத்தன் பாத்துட்டான். வாள உருவிகினு வரான்."

மணிமொழி வாயைத் திறப்பதற்குள் பாண்டுரங்கன் சொன்னான்: "கொடும்பன் அவன் கால்ல சாட்டைய வீசுறான்."

போனில் ஷோபனா, "நீ எதுக்குடா?" என்றாள்.

"இன்னா எதுக்கு? இத்தினி வருஷமா அவ கூட வேல செய்றேன்." அவன் யாரையும் பார்க்காமல் சீட்டு எடுத்தான். பதினாறு.

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் ஆடினார்கள். கோட்டை விழுந்தது. வேம்பியை ஊர்க்காரர்கள் முன் நிறுத்தினார்கள். அவளை மன்னித்ததாக ராமகிருஷ்ணன் சொல்லப்போக, மணிமொழி தடுத்தாள். அத்தனை சுலபமாக வேண்டாம் என்றாள். கடைசியில், கொளுத்திய வைக்கோல்போருக்கெல்லாம் ஈடாக ஓர் அறுவடைக்காலம் அந்த ஊர் வயல்களில் வேலை செய்யும்படி முடிவாயிற்று. அது நியாயம் என்று ஷோபனா சொன்னாள். குக்கர் விசில் அடித்ததும் போனை வைத்துவிட்டாள்.

கிளம்பும்போது ராமகிருஷ்ணன் பத்திரிகை எப்போது கிடைக்கும் என்று கேட்டான்.

"அம்மாவையும் அழைச்சிகினு வாங்க சார்," என்றாள் மணிமொழி.

வல்லத்தில் சின்ன மண்டபம். மாலையும் கழுத்துமாக இருந்த தனசேகரன், பந்தியில் உட்கார மாட்டேன் என்று சுற்றிக்கொண்டிருந்தார். காத்தாயி அதட்டிக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தாள். அவருக்குப் பக்கத்து இலையில் ராமகிருஷ்ணனின் அம்மா விருத்தாம்பாள். எந்த ஊர் என்று அவர் கேட்டார். அந்த அம்மாள் ஊர்ப் பேரைச் சொன்னதும் தண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டுக் குடிக்காமலே வைத்தார்.

"மல்லாட்டை இந்த வருஷம் எப்பிடி?" என்றார் பிறகு.

"இன்னாத்த சொல்றது. பூ எடுக்கிற நேரத்துல மழ ஏமாத்திடுச்சி. ரெண்டு மூட்ட கொறச்சல்."

"எங்களுதும் அப்பிடித்தான்."

மணிமொழி சாம்பார் வாளியோடு அந்த வரிசைக்கு வந்தபோது அவர்கள் நிலக்கடலை விதைக்காய் எங்கே வாங்குவது, அவலூர்பேட்டையிலா செஞ்சியிலா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருமே அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் இரண்டு இலையிலும் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.