திரையில் காலிக் கொப்பரை

உருகிய இரும்பு காத்திருக்காது. ஊதுலையிலிருந்து எஃகு உலைக்கு என் ரயில் எஞ்சினில் ஒன்றரை மைல்தான். ஆனால் வாய் திறந்த கொப்பரை, நூறு டன், ஜனவரி மாதத்து ஏரிக்காற்று. இரண்டு மணி நேரத்தில் சேர்க்காவிட்டால் மேலே ஆடை கட்டும், பிறகு கல்தான். போன மாதம் எனக்கு ஒன்று உறைந்தது. இன்னொன்று உறைந்தால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவோம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

அன்று இரும்பை ஊற்றிய பிறகும் ஊதுலையிலேயே ஒரு மணி நேரம் தாமதம். வழியில் நிலக்கரித் தண்டவாளம் குறுக்கிடும் இடத்தில் சிவப்பு விளக்கு வேறு. கோபுரத்தில் சிக்னல் போடும் பெர்லை ரேடியோவில் கூப்பிட்டேன்.

"விளக்கை மாத்தும்மா."

"காலிக் கொப்பரைக்கு என்ன அவசரம், ஸ்டாங்கோ? நிலக்கரி வண்டி போகட்டும்."

"காலியா? நூறு டன் கொதிக்குது!"

"எடை மேடை காலின்னு சொல்லுது. திரையில அப்படித்தான் இருக்கு."

வழியில் தண்டவாளத்தோடு நாங்கள் ஏறி வந்த எடை மேடைக்கு அடியில் பனிக்கட்டி இறுகியிருக்கும். எவ்வளவு பாரம் ஏறினாலும் தட்டு இறங்காது. இது எனக்குத் தெரிகிறது, அவளுடைய கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

"ஊதுலைக்குப் போன் போட்டுக் கேளு."

"போட்டேன். எவனும் எடுக்கல."

பெட்டி கோக்கும் ஓடிஸ் பக்கத்தில் நின்று சிரித்தான். "பெருசு, நாம இழுத்துட்டு வந்தது இரும்பில்ல, ஆவி."

"பல்லைக் காட்டாம போய் உமியைக் கொட்டுடா."

சூடு போகாமல் மேலே மூட வைத்திருந்த நான்கு மூட்டை உமியையும் கொப்பரைக்குள் வீசினான்.

"பெர்ல், ஜன்னல் திரையைத் தூக்கி வெளியே பாரு."

"வெளிச்சம் பட்டா கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாதுய்யா."

"தூக்கு தாயே!"

தூக்கினாள். கொப்பரைக்கு மேலே கொட்டும் பனியெல்லாம் சிவந்திருந்தது. ரேடியோவில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. அதற்குள் நிலக்கரி வண்டி குறுக்கே ஏறிவிட்டது. தொண்ணூறு பெட்டி. நத்தை மாதிரி ஊர்ந்து கடக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

எஃகு உலையில் கிரேன் கொப்பரையைச் சாய்த்தது. மணிக்கட்டுத் தடிமனில் ஒரு தாரை வந்தது, நின்றது. மீதியெல்லாம் கல். மேற்பார்வையாளர் ஹாலோரன் காகிதத்தை நீட்டினார். காரணம்: ஓட்டுநர் தாமதம்.

"எடை மேடைக் கோளாறுன்னு எழுதுங்க."

"மேடையில கோளாறுன்னு பதிவே இல்லையே. திரையில நீ காலியாத்தான் வந்திருக்கே."

"காலியா வந்தவன் எதைய்யா தாமதமாக் கொண்டுவந்தேன்?"

அவர் எஞ்சின் சாவிக்குக் கையை நீட்டினார்.