உயர்திரு. ரோடு அவர்கள், குடும்பத்துடன்

பாரத தேசத்தின் தலையையும் காலையும் ஒரே கோட்டில் இணைத்து, வருங்காலத் தலைமுறைகள் நன்றியோடு நினைவுகூரப்போகும் மாபெரும் ஆறுவழி விரைவுச் சாலை, திண்டிவனத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் கோபித்துக்கொண்டு பாய் மாதிரி சுருண்டுகொண்டது. பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இது நடந்தது. உளுந்து விலை சுமாராக இருந்த வாரம். தார் விரிக்கும் பேவர் வண்டியை ஓட்டுகிற சவுரிராயன்தான் முதலில் பார்த்தான். காலையில் அவன் சூடாக விரித்துப்போட்ட தார், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது முனையில் லேசாக மடங்கியிருந்தது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். டிபன் பாக்ஸைக் கழுவி முடிப்பதற்குள் சாலை நிதானமாக, ஒரு பதற்றமும் இல்லாமல், கோடு போட்ட பக்கத்தை உள்ளே வைத்துச் சுருண்டு, வந்த வழியே உருண்டுபோய், ஏரிக்கரைப் பனைமரங்களுக்குக் கீழே எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. உயரம் இரண்டு மாடி இருக்கும்.

சவுரிராயனுக்கு இதில் ஒரு நாள் வேலை வீணானது பெரிதில்லை, கல்யாணம் போய்விடும் போலிருந்தது. சாலை அடுத்துப் போய்ச் சேரவேண்டிய ஊர் பனைமேட்டுக்குப்பம். அங்கே அலெக்ஸ் என்பவரின் மகள் ரோஜாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகியிருந்தது. ரோஜா விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறவள். அலெக்ஸ் அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, அவர் அப்பாவுக்கும் கிடையாது. ஆகவே சாலைக்கு நிலம் எடுத்தபோது ஊரில் பாதிப்பேர் இழப்பீடு வாங்க, அலெக்ஸ் வேடிக்கை பார்த்தார். எதிர்வீட்டுச் சீனுவாசன் தன் கொல்லையைக் கொடுத்துவிட்டு, வாசலில் இரண்டு சிங்கம் வைத்து மாடிவீடு கட்டினார். அந்தச் சிங்கங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அலெக்ஸின் வாசலை. இந்த நிலைமையில்தான் பேவர் ஓட்டுகிற மாப்பிள்ளை அமைந்தான். அலெக்ஸ் டீக்கடையில் எழுந்து நின்று, பஸ்ஸில் நிறுத்தம் சொல்லுகிற குரலில், "நெலம் குடுத்தவன்லாம் வூடு கட்டினான். நான் பொண்ண குடுக்கிறேன், என் வூட்டாண்ட ரோடே வரும். மாப்ள அந்த ரோட்டு மேல கார்ல வந்து எறங்கினாதான் தாலி," என்று அறிவித்தார். சொன்னது சொன்னதுதான். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் வருவதற்குள் பேவர் வண்டியும் சவுரிராயனும் அடுத்த வேலைக்கு ஜார்க்கண்டுக்குப் போயாக வேண்டும். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒரு பையனின் போட்டோ வேறு அலெக்ஸின் சட்டைப்பையில் ஏறியிருந்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்னால் சாலை வந்தால் ரோஜா உண்டு, வராவிட்டால் இல்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. முதலில் தலைநகரத்திலிருந்து நிபுணர் குழு வந்தது. ஐந்துபேரும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு சுருளைச் சுற்றி நடந்து, ஏரி மீன் குழம்போடு சாப்பிட்டு, இது 'நேர்கோட்டுக் கட்டமைப்பின் தற்காலிக ஒத்துழையாமை' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். பெயர் வைத்த மறுநாள் சாலை இன்னும் ஒரு கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது. அடுத்து, நிலமெடுப்புக்கென்று போட்டிருந்த தனி அதிகாரி கிருஷ்ணவேணி, சாலைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் ஒட்டினார். பிறகு வழக்கப்படி அமைதிப் பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்து, ஒரு பக்கம் கம்பெனிக்காரர்களையும் மறுபக்கம் சாலைக்கென்று ஒரு நாற்காலியும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்துச் சாயங்காலம் வரை காத்திருந்தார். எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று குறிப்பெழுதி, தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். அன்றைக்கு இன்னொரு கிலோமீட்டர் போயிற்று. இப்படியே மரியாதை நடந்துகொண்டிருந்தால் சாலை செங்கல்பட்டைத் தாண்டிவிடும் என்று இன்ஜினியர்கள் கணக்குப் போட்டார்கள்.

ஜனங்களுக்கு அதனிடம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏரிக்கரைச் சின்னபொண்ணு, "ஏங்க, கொஞ்சம் உளுந்து காய வெச்சிக்கறேன்," என்று கேட்டபோது சாலை ஒரு பக்கம் சரிந்து கொடுத்தது. கேட்காமல் ஏறிய இரண்டு ஆடுகளை உதறிவிட்டது. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போன வேன்காரர்கள் அதன் நிழலில் வண்டியை நிறுத்திக் கட்டுச்சோறு சாப்பிட்டுப் போனார்கள். டீக்கடையில்தான் அலெக்ஸால் தலைகாட்ட முடியவில்லை.

"இன்னா கண்டக்டரே, மாப்ள ரோடு ரிவர்ஸ்ல போய்க்கினு இருக்குதாமே," என்று சீனுவாசன் மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே கேட்பார்.

"பெரிய வண்டி. திருப்பறதுக்கு டைம் ஆவும்," என்பார் அலெக்ஸ்.

மாதா கோயிலில் ஓலை வாசிப்பு தொடங்கியிருந்தது. சவுரிராயனுக்கும் ரோஜாவுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசித்தபோது, கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி ஜன்னல் வழியாக வடக்கே பார்த்தார்கள். சாமியாரும் பார்த்தார். சாலை அசையவில்லை. சட்டப்படி அது தடையில் சேராது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஓலைக்குப் போனார்.

அந்த வாரம் சவுரிராயன் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ரோஜாவைப் பார்க்கப் போனான். இரண்டு பேரும் கரும்புச்சாறு குடித்தார்கள். அவன் டெம்பரேச்சர், ரோலர், ஜல்லி அளவு என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பேஜாரு பண்ணாதீங்க," என்றாள் ரோஜா. "எங்க சித்தி கதை தெரியுமா? அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகைய கொரியர்ல அனுப்பிட்டோம். பக்கத்துத் தெருவுல இருந்துக்கினே வர்ல. இன்னிக்கு வரைக்கும் எங்க வூட்டாண்ட வந்தா மூஞ்ச திருப்பிக்கினுதான் போவுது. உங்க ரோடுக்கு யார்னா பத்திரிகை வெச்சாங்களா?"

சிரிப்பதற்குத்தான் சொன்னாள். சிரித்தும் முடித்தார்கள். அதற்குப் பிறகு, பொழுதுபோகாமல், சாலைக்கு நடந்த பூமி பூஜை அழைப்பிதழின் படத்தை அவள் போனில் தேடி எடுத்தாள். கதவு அகலத்துக்கு அச்சடித்த அழைப்பிதழ் அது; அதைப் பிரித்துப் பிடிக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, பேருரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. வார்டு உறுப்பினர் முதல் பந்தல்காரர், மைக்செட்காரர், மாலை கட்டியவர் வரைக்கும் இருந்தது. வெள்ளி மண்வெட்டியை வெல்வெட் துணியில் ஏந்திவந்தவர் பெயர்கூட இருந்தது. யாருக்காக இத்தனையும் நடந்ததோ அந்தச் சாலையின் பெயர் மட்டும் இல்லை. அன்றைக்கு மேடையில் எல்லோருக்கும் சால்வை போட்டு, மீதமிருந்ததை மண்வெட்டிக்குப் போட்டிருந்தார்கள்.

"அட ஆமா," என்றான் சவுரிராயன். "நானா இருந்தா செங்கல்பட்டுக்கே போயிருப்பேன்."

பத்திரிகை வைப்பது என்று முடிவானதும் அடுத்த சிக்கல் வந்தது. பெண் கல்யாணத்துக்குப் பெண்ணைப் பெற்றவர்தான் நேரில் போய் அழைக்க வேண்டும். மாப்பிள்ளை போய் வைத்தால் அதுவே இன்னொரு கோபமாகிவிடும். அலெக்ஸ் கையை உதறினார். "ரோடு என்னைத் தேடிக்கினு வரும்னு ஊர்ல சொல்லிக்கினு இருக்கறேன். நான் போயி ரோட்டுக்குக் கும்புடு போடணுமா?" என்றார். மனைவி வெள்ளையம்மாள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. விஷயம் டீக்கடைக்குப் போய், டீக்கடையிலிருந்து சீனுவாசனுக்குப் போனது. அவர் யோசித்து, "கண்டக்டருக்குக் கஷ்டமா இருந்தா வேணாம். என் வூடு புதுமனை புகுவிழா இருக்குதே, நானே போயி வெச்சிட்டு வர்றேன். சிங்கத்தாண்ட வந்து நிக்கட்டும்," என்று சொல்லி அனுப்பினார்.

அலெக்ஸ் அந்தக் கணமே வேட்டியை மாற்றினார். "இன்னாடி பாத்துக்கினு நிக்கிற, தட்ட எடு, ஜல்தி," என்று மனைவியை விரட்டினார்.

உறையில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. சாலைக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயரில் இரண்டு இங்கிலீஷ் எழுத்தும் நிறைய நம்பரும் இருந்தன. அப்படி எழுதினால் கரண்ட் பில் மாதிரி இருக்கும் என்று ரோஜா சொன்னாள். கடைசியில் 'உயர்திரு. ரோடு அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதினார்கள். 'குடும்பத்துடன்' என்று எழுதாவிட்டால் மரியாதையாக இருக்காது என்பது வெள்ளையம்மாளின் வார்த்தை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு, ஒரு முழம் பூ எல்லாம் தட்டில் வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, சவுரிராயனையும் சேர்த்து நால்வரும் போனார்கள். சுருளுக்கு முன்னால் நின்றதும் அலெக்ஸுக்குக் குரல் இறங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் மெல்லப் பேசியது அன்றைக்குத்தான்.

"பொண்ணு கல்யாணங்க. முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும், ஏதோ வேலைல வுட்டுப்போச்சி. மனசுல எதுவும் வெச்சிக்காம, நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

"மொத நாளே வந்துடுங்க," என்றாள் வெள்ளையம்மாள். "வந்தமா சாப்ட்டமா போனமான்னு இருக்கக் கூடாது."

சாலை கொஞ்சம் அவிழ்ந்தது. தட்டு நுழையும் அளவுக்கு மட்டும் அவிழ்ந்து, பத்திரிகையையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு, வெறும் தட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் பழையபடி சுருண்டுகொண்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அழைக்கப்போனால் யார்தான் அந்த இடத்திலேயே பதில் சொல்கிறார்கள் என்று வெள்ளையம்மாள் சமாதானம் சொன்னாள். பந்தக்கால் நட்டார்கள், சமையல்காரர் வந்து அடுப்பு போட்டார், சாமியார் மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டார். சாலை முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தது. அலெக்ஸ் மஸ்கட் போட்டோவை ஒரு சட்டையிலிருந்து இன்னொரு சட்டைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக, சாலை வந்தது. பட்டுச்சேலையைப் பிரித்து உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடினார்கள். வடக்கிலிருந்து கருகருவென்று, வெள்ளைக்கோடெல்லாம் புதிதாகப் போட்டுக்கொண்டு, ஆறு வழியும் அகலமாக அவிழ்ந்து வந்துகொண்டிருந்தது. எடுத்த நிலத்தை விட்டு ஒரு சாண் இப்படி அப்படிப் போகவில்லை. சின்னபொண்ணின் உளுந்தை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தது. குடும்பத்துடன் என்று எழுதியிருந்தபடியால் குடும்பமே வந்தது. இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடுகள் ஓடிவந்தன. பாலங்கள் வாய்க்கால் கண்ட இடத்திலெல்லாம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தாண்டி நின்றன. விளக்குக் கம்பங்கள் வரிசை கலையாமல் வந்தன. எல்லோருக்கும் கடைசியாக, உடம்பு கனத்த பெரியப்பா மாதிரி மூச்சுவாங்கிக்கொண்டு டோல்கேட் வந்து, ஊருக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் முடியாமல் உட்கார்ந்துவிட்டது. சவுரிராயன் பேவர் வண்டியின் மேலேறி நின்று, வாய் வலிக்கும்வரை சிரித்தான். ரோஜா மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்து, "வாங்க, வாங்க," என்று சாலையை வரவேற்றாள். சீனுவாசன் உட்பட ஊரே கைதட்டியது.

கல்யாணம் முடிந்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, சாலை விழுப்புரத்தைப் பார்த்துக் கிளம்பியது. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தது. ஒரே நாளில் இத்தனை கிலோமீட்டர் போட்டது உலக சாதனை என்று கம்பெனி சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டது. நிபுணர் குழு, தங்கள் பரிந்துரைகள் பலன் தந்ததாக ஓர் அறிக்கை கொடுத்தது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சாலைக்கு யாரும் மனு எழுதுவதில்லை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பஸ் போகிற ரோடு வேண்டியிருந்தவர்கள் போன வைகாசியில் ஒரு காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தார்கள். சின்ன ரோடுதான், சாயங்காலமே வந்துவிட்டது. அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்றுதான் பேசினார்கள்.

பல மாதம் கழித்து அரசாங்கத் திறப்புவிழாவும் நடந்தது. அதற்கு அடித்த அழைப்பிதழில் மைக்செட்காரருக்குக் கீழே சாலையின் பெயரையும் போட்டிருந்தார்கள். ரிப்பன் வெட்டியதும் முதல் காராக எந்தப் பிரமுகரின் கார் போனது என்பதையெல்லாம் செய்தித்தாள்கள் படத்தோடு போட்டன. உண்மையில் அந்தத் தேசியப் பெருமையின் மேல் முதலில் ஓடியது, பூச்சரம் சுற்றிய சவுரிராயனின் கல்யாணக் கார். பேண்டு வாத்தியம் முன்னே போக, ஊர் எல்லையில் மாமனார் மாலையோடு காத்திருக்க, கார் டோல்கேட்டில் நின்றது. அதில் ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கவில்லை. அலெக்ஸ் வேகமாக நடந்து வந்து, இது நம்ம ரோடு, நானே நேர்ல போய்ப் பத்திரிகை வெச்சேன் என்று எடுத்துச் சொன்னார். டோல்கேட் கட்டையைத் தூக்கவில்லை. இரட்டைக் கட்டணத்தைக் கட்டச் சட்டைப்பையில் கைவிட்டார். கண்டக்டரிடம் சில்லறை இல்லை. சீனுவாசன் கொடுத்தார்.