ஊசிக் காய்ச்சல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. லிஃப்ட் மெக்கானிக்கான என் நண்பன், எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்த்தபடியே சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. அழுகாச்சியா மட்டும் எழுதாதே" என்றான்.

நான் எழுதிய முதல் வாக்கியம்: "கொள்ளைநோய் நகரத்தின் மீது கரும்போர்வையாய்—"

வேண்டாம். அழுகாச்சிக்குப் போகிற வழி அதுதான்.

2

நேராகவே சொல்கிறேன். கொரோனா இன்னும் ஓயாத காலம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பாலியல் நல மருத்துவமனை திறந்திருந்தது. குரங்கம்மைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மெக்கானிக்கும் அவன் துணைவனான கண்ணாடிக்கடைக்காரனும் போனார்கள். பல வருட உறவு. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததில்லை.

"உங்க துணை ஆணா, பெண்ணா?" நர்ஸ், ரத்த வகை கேட்பதுபோலக் கேட்டாள்.

மெக்கானிக் பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தான். "ஆண்தான். இதோ, நான்" என்றான் கண்ணாடிக்கடைக்காரன்.

"சேர்ந்தே வந்தது நல்லதாப் போச்சு. இது யாருக்கும் வரலாம். இப்ப உங்க வட்டத்துல அதிகமாப் பரவுது, அதான் முதல்ல உங்களுக்கு. எச்.ஐ.வி. டெஸ்டும் எடுத்துடலாமா? கொரோனா வந்ததும் எல்லாரும் அதை மறந்துட்டாங்க."

(அந்த டெஸ்டின் முடிவைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைப் பதறவைக்கலாம். மனம் வரவில்லை. இருவருக்கும் தொற்று இல்லை.)

3

மெக்கானிக் தன் அக்காவோடு வசிக்கிறான். மறுநாள் துணி காயப்போடும்போது அவன் முன்னங்கையில் ஊசி போட்ட இடத்தில் இருந்த சிவப்புத் தடிப்பை அவள் பார்த்துவிட்டாள்.

"கொரோனா ஊசிதான் போட்டாச்சே. இது என்ன புதுசா?"

இந்த இடத்தில் அக்காவைக் கத்தவைத்தேன். வாளியை எட்டி உதைக்கவும் வைத்தேன். படித்துக்காட்டியபோது மெக்கானிக்கின் முகம் வாடிவிட்டது. "எங்கக்காவைப் பேயா ஆக்காதேடா. அவ சத்தம்கூடப் போடல."

நடந்தது இதுதான். கம்பி கீறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவன், ஏனோ, சொல்லவில்லை.

"ஆம்பளையை விரும்பற ஆம்பளைங்களுக்குப் போடற ஊசிக்கா."

அக்கா கையிலிருந்த சட்டையை உதறினாள். மறுபடியும் உதறினாள். கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள். (அப்போது உலகமே— இல்லை. கிளிப் மாட்டினாள், அவ்வளவுதான்.)

"அவனும் போட்டுக்கிட்டானா?"

"யாருக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காதே. தெருமுனை வரைக்கும் வந்து உன்னை விட்டுட்டுப் போவானே, கண்ணாடிக்கடைக்காரன்."

"போட்டுக்கிட்டான். காய்ச்சலாப் படுத்திருக்கான்."

"கொரோனாவா?"

"டெஸ்ட் பண்ணிட்டான், இல்ல. வெறும் ஊசிக் காய்ச்சல்."

"கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

அக்காவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "என்கிட்ட இதைச் சொல்ல உனக்கு ஒரு ஊசி வேண்டியிருந்துச்சா? என் மூஞ்சியை என்ன பாத்துட்டு நிக்கற? போய்க் கூட்டிட்டு வா."

4

கூட்டி வந்தான். முகக்கவசம் போட்டிருந்ததில் கண்ணாடிக்கடைக்காரனின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. எதிரே நின்ற அக்காவின் முகத்தில் இருப்பது கோபமா சிரிப்பா என்று தெரியாமல் வாசலிலேயே தயங்கினான்.

"செருப்பை விட்டுட்டு உள்ள வா, தம்பி."

பிறகு? ஒரு முடிவில் அக்கா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். இன்னொன்றில் மூவரும் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார்கள். எது சரி என்று மெக்கானிக்கிடமே கேட்டேன்.

"அப்புறம் கதவைச் சாத்திட்டோம். அதுக்கு மேல எங்க வீட்டு விஷயம்" என்றான்.

ஆகவே நானும் நீங்களும் வெளியேதான் நிற்கிறோம். அந்த அக்கா எப்படிப்பட்டவள் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். உள்ளே நடந்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் எழுதுங்கள், காய்ச்சல்காரன் தூங்கட்டும்.