தளங்கள் 3, பயன்பாடு வணிகம்

1.

இந்தக் கதை பிறந்தது ஆர்.எஸ்.புரத்தில், ஆட்டோவுக்காகக் காத்திருந்தபோது. எதிரே மூன்று தளக் கட்டடம். கீழே பட்டுக்கடை, அதற்கு மேல் பல் கிளினிக், உச்சியில் டியூஷன் சென்டர். ஒரு குடித்தனம்கூட இல்லை. குடித்தனமே இல்லாத கட்டடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுதுவது? நான்காவதாக ஒரு தளம் எழுப்பி, யாஸ்மினையும் அவளுடைய ஆறு வயது மகள் அஃப்ஷீனையும் குடிவைத்தேன். கதையில் மாடி கட்ட கார்ப்பரேஷன் அனுமதி வேண்டாம், பாருங்கள்.

2.

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் யாஸ்மின்'... வேண்டாம். ஊரில் பாதிக் கதை மழையில்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம் ஒன்றில் யாஸ்மின் கட்டடங்களைச் சேர்ப்பாள். எத்தனை தளம், எதற்குப் பயன்படுகிறது என்று குறிப்பாள். (அங்கே முதல் விதி: நேரில் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும்.) தான் இருக்கும் கட்டடத்துக்கு, 'தளங்கள் 4, வணிகம், குடியிருப்பு' என்று எழுதியிருந்தாள். ஒரு நாள் காலையில் யாரோ அதை 3 ஆக்கியிருந்தார்கள். குடியிருப்பு என்ற சொல்லையே காணோம். திருத்தினாள். மத்தியானம் பார்த்தால் மறுபடியும் 3.

3.

மகளை ஹோம்வொர்க் எழுதச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். பட்டுக்கடைக்காரர் கோவிந்தராஜுலு வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்கண்ணா, நம்ம கட்டடம் எத்தனை மாடிங்க?"

"மூணுதானுங்க அம்மணி."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைய யாராச்சும் மாடின்னு சொல்லுவாங்களா? தரைய உட்டுப்போட்டு எண்ணுங்க."

யாஸ்மினுக்குப் போன உயிர் வந்தது. வரைபடத்தில் தரைத்தளமும் சேர்த்தி, நம் ஊர்ப் பேச்சில் கிடையாது. வரைபடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறுதான். கடை வாசலில் நின்றபடியே, 3 என்று மாற்றியவருக்கு வரைபடத்தில் செய்தி எழுதினாள்: 'தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணுங்க.'

(கதையை இந்தச் சிரிப்போடு முடித்துவிடத்தான் நினைத்திருந்தேன். இனி வருவது என் திட்டத்தில் இல்லை.)

4.

உடனே பதில் வந்தது: 'சேர்த்துத்தாங்க எண்ணினேன். எதிர்லதான் நிக்கறேன்.' கூடவே ஒரு படம். கடை, கிளினிக், டியூஷன் சென்டர், அதற்கு மேல் வெறும் வானம். கடை வாசலில், கையில் போனோடு யாஸ்மின்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் ஒருவன் ஆட்டோவுக்காகக் காத்திருந்தான்.

(அவன் போட்டிருந்தது என் சட்டை. அந்தப் படம் இப்போது என் போனில் இருக்கிறது. எடுத்த நினைவு எனக்கு இல்லை.)

5.

"அஃப்ஷீன்!" என்று கத்திக்கொண்டு யாஸ்மின் படியேறி ஓடுகிறாள். டியூஷன் சென்டர் வரைக்கும் படிகள் உண்டு, எனக்குத் தெரியும். அதற்கு மேல்...

முடிவு ஒன்று: படி இருக்கிறது, கதவு திறக்கிறது, மகள் பென்சிலோடு நிற்கிறாள். எழுத ஆசைதான். ஆனால் நான் நேரில் பார்த்தது மூன்று தளம்.

முடிவு இரண்டு: எழுத மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததில்லை. ஆனால் நான்காம் தளத்திலிருந்து அவள் இறங்கி வந்ததைப் பார்த்தீர்கள், இல்லையா? அப்படியானால் விதிப்படி நீங்கள் எழுதலாம். வரைபடத்தில் 'தளங்கள்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள். மேலே குழந்தை அம்மாவைக் கூப்பிடுகிறது.