அவர் சொல்றதுதான்

டாக்டர் கேட்டது மனைவியைத்தான். "வலி எப்படிம்மா இருக்கு? விட்டு விட்டு வருதா, எப்பவும் இருக்கா?"

"எப்பவும் இல்லீங்க டாக்டர், சாப்பிட்டா மட்டும் வரும்," என்று மேனேஜர் முந்திக்கொண்டார். பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் தெருவில் அவர் மேனேஜர்தான். வீட்டிலும்.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "சார், நான் அவங்களைக் கேட்டேன்."

அவள் மடியிலிருந்த கைப்பையின் வாரைத் தடவியபடி கணவர் முகத்தைப் பார்த்தாள். "அவர் சொல்றதுதான்," என்றாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயிற்றிலிருக்கும் கட்டியை எடுத்தால் பிழைக்க வழி உண்டு. ஆனால் அவளுடைய இதயம் பலவீனம். ஆபரேஷன் நடக்கும்போதே நின்றுவிடலாம். எடுக்காவிட்டால் மருந்தோடு கொஞ்ச காலம், வீட்டிலேயே, ஓரளவு நிம்மதியாக. "இதை நீங்கதாம்மா முடிவு பண்ணணும். வெளிய உக்காந்து யோசிச்சிட்டு வாங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் முடிவெடுக்காத விஷயம் அந்த வீட்டில் ஒன்றுமில்லை. சுவருக்கு என்ன வண்ணம், மகளுக்கு என்ன படிப்பு, யார் வீட்டுக்குப் போகலாம், யார் வீட்டுக்குக் கூடாது. ஒரு தடவை அவள் பக்கத்துத் தெருத் தையல் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அவளாக வந்து 'போகலை' என்று சொல்லும்வரை. அதற்கப்புறம் அவள் வாயில் ஆசை என்று எதுவும் வந்ததில்லை. என் பேச்சைத் தட்டமாட்டாள் என்று நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

"நீயே சொல்லேன்," என்றார் இப்போது.

"நான் என்னத்தச் சொல்றது. நீங்க பாத்து எது சொன்னாலும் சரிதான்."

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினார். இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம். இல்லை.

"பயமா இருக்கா?"

அவள் யோசித்தாள். எங்கோ வைத்துவிட்ட பொருளைத் தேடுகிறவளைப் போல நிஜமாகவே யோசித்தாள். "தெரியலையே," என்றாள்.

மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். மனைவி 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டு, "அப்பா இருக்கார்ல, பாத்துக்குவார்," என்று திருப்பித் தந்தாள். மறுமுனையில் மகள் அழுதுகொண்டிருந்தாள். "அப்பா, இந்த ஒரு தடவையாவது நீங்க சும்மா இருங்க. அம்மா சொல்லட்டும்."

"நான் சும்மாத்தாம்மா இருக்கேன்," என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த டீக்கடைக்கு எழுந்து போனார்கள். கடைக்காரர் அவருக்கு டீயை நீட்டிவிட்டு, "அம்மாவுக்கு?" என்றார். நாக்கு நுனிக்கு வந்துவிட்ட பதிலை மேனேஜர் விழுங்கினார். அவளுக்கு டீ பிடிக்குமா காபி பிடிக்குமா என்பதே தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. அவர் குடிப்பதைத்தான் அவளும் குடித்து வந்தாள். கடைக்காரர் காலி டம்ளரோடு காத்திருந்தார். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவள் பாய்லரிலிருந்து எழுந்த ஆவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு லேசாக அசைந்தது. பிறகு மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.