ஆகாச மாப்பிள்ளை

ஊருக்கு விமானம் வந்த புதிது. அதை ஓட்டத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் இவனும் ஒருவன் என்பதால் தெருவில் இவனுக்கு 'ஆகாச மாப்பிள்ளை' என்று பெயர். மாமியாருக்கு அதில் தனிப் பெருமை.

மனைவியின் தம்பி வெகுநாளாக நச்சரித்ததால், ஒரு ஞாயிறு காலை அவனை முன் இருக்கையில் உட்காரவைத்து வாரால் இறுக்கிக் கட்டினான். பின் இருக்கையில் இவன். கூரையில்லாத சின்ன விமானம். செங்கல் சூளையைத் தாண்டும்போது என்ஜின் இருமியது. பிறகு நின்றே போனது. சூளைக்குப் பின்னாலிருந்த காலி நிலத்தில் இறக்கப் பார்த்தான். சக்கரம் பள்ளத்தில் மாட்டி, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

பெட்ரோல் சட்டையில் சொட்டியது. இவன் தன் வாரை அவிழ்த்துத் தரையில் விழுந்தான், எழுந்தான், ஓடினான். சாலைவரை ஓடினான். பின்னால் "அத்தான்! அத்தான்!" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்று திரும்பியபோது, சூளையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி மைத்துனனை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் விலகிய பிறகுதான் விமானம் குப்பென்று பற்றிக்கொண்டது.

மைத்துனனுக்குக் கால் முறிந்தது. இவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மருத்துவமனையில் மைத்துனன் தன் அக்காவிடம், "அத்தான் இல்லேன்னா நான் சாம்பல்தான்க்கா. அவர்தான் இழுத்துப் போட்டார்" என்றான். அவள் கணவனின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயைத் திறந்தான், மைத்துனன் கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

மறுநாள் அந்தச் சூளைப்பெண் பார்க்க வந்தாள். விமானத் தகடு கிழித்த கையில் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. இவனை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கதானா அது? அம்மாடி, என்னமா ஓடினீங்க!" என்றாள். கேலியில்லை, வியப்புதான்.

மைத்துனன் முந்திக்கொண்டான். "விமானத்த நல்லா ஓட்டினாருன்னு சொல்றாங்கக்கா."

கூடுதலாக வந்த அந்த 'ட்' என்ற ஓர் எழுத்தில் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. ஆனால் சூளைப்பெண்ணின் கைக்கட்டிலேயே அவன் பார்வை நின்றுவிட்டது.

"இல்ல. ஓடினேன்னுதான் சொல்றாங்க. இவன விட்டுட்டு ஓடினேன். இழுத்தது இவங்க."

மனைவி எழுந்துபோய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவன் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதுதான் கேட்டாள்:

"அவன் கூப்பிட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அவள் பூட்டைத் திறந்து கையில் எடுத்துக்கொண்டாள். "எங்கம்மா உங்களத் தெய்வம்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க. என்னால போய்ச் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க."

அவன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான்.

மாமியார், "வாங்க மாப்பிள்ளை" என்று முகமெல்லாம் சிரிப்பாக விலகி வழிவிட்டார். அவன் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினான்.